தூக்குப்போசியில் ஒரு கால்

அந்தத் தூக்குப்போசி என் மடியிலேயே இருக்கட்டுங்க்கா. மேலே வைக்க வேண்டாம். பையை வேணும்னா வையுங்க, அதில் பாப்பாவோட துணிதான் இருக்குது. இது மட்டும் கையிலேயே இருக்கணும்.

சாப்பாடு இல்லைங்க. பாலும் இல்லை.

நீங்க அவிநாசிதானுங்களே? டிக்கெட் எடுக்கும்போது காதில் விழுந்தது. நான் அதையும் தாண்டிப் போகணும். நீங்க இறங்கிட்டா அப்புறம் நாம ரெண்டு பேரும் பார்த்துக்கப் போறதில்லை. அதனால் உங்ககிட்ட சொல்லலாம்னு தோணுது. நான் யார்கிட்டயும் வாய் திறக்கிற ஆளே இல்லைங்க. எங்க தெருவில் என்னை ஊமைன்னு நினைச்சுட்டு சைகையில் பேசினவங்ககூட உண்டு. ஆனா இன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லலைன்னா இந்த பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துருவேன் போல இருக்குது.

இதுக்குள்ளே கால் இருக்குதுங்க. குழந்தைக் கால். இடது கால்.

ஐயோ, எந்திரிக்காதீங்க! உட்காருங்க்கா. நிசக் கால் இல்லைங்க, பொம்மைக் கால். எங்க வீட்டுக்காரர் செஞ்சது. என் நடுவிரல் நீளம்தான் வரும். ஆனா கையில் எடுத்துப் பார்த்தீங்கன்னா நீங்களும் பயந்துருவீங்க. வேண்டாம், இப்போ திறக்க வேண்டாம். பாப்பா தூங்குறா. அவ முன்னால் இதை நான் திறக்கிறதே இல்லை.

அவர் பல்செட் செய்கிற லேப்பில் வேலை பார்க்கிறாருங்க. பல் டாக்டருங்க வாயில் அளவெடுத்து அனுப்புவாங்க. இவர் மெழுகில் பல்லைச் செதுக்கி, ஈறுக்குக் கலர் கொடுத்து முடிச்சா, மாட்டினவங்க சிரிச்சாக்கூட யாருக்கும் தெரியாது. சின்ன வயசில் வந்த காய்ச்சலில் அவருக்கு இடது பக்கம் இளைச்சுப்போச்சு. முட்டியில் கையை ஊன்றித்தான் நடப்பார். அதை நான் கவனிக்கிறதே இல்லைங்க, கல்யாணத்தன்னைக்கே விட்டுட்டேன். பொண்ணு பார்க்க வந்தப்போ தரகர், 'மாப்பிள்ளைக்கு லேசா ஒரு இது'ன்னார். அந்த 'இது'வோட சரி. எங்க வீட்டில் 'கால்'ங்கிற வார்த்தையையே யாரும் சொல்ல மாட்டோம். கடைக்குப் போறப்போ அவர் பக்கத்தில் இருந்தா, கால் கிலோ வெல்லம்னு நான் கேட்க மாட்டேன். இருநூத்தம்பது கிராம்னுதான் கேட்பேன். கடைக்கார அண்ணன்கூட, "ஏ அம்மிணி, நீ இங்கிலீசு பள்ளிக்கூடத்துலயா படிச்சே?"ன்னு கேலி பண்ணுவார். நான் படிச்சது அஞ்சாவது. அதுக்கப்புறம் திருப்பூரில் பனியனுக்குப் பிசிர் வெட்டப் போயிட்டேன்.

பாருங்க, உங்ககிட்ட எவ்வளவு சுலபமா வருது அந்த வார்த்தை.

இவர் லேப்புக்குப் பல் கட்ட வந்தவர் ஒரு மில்லுக்காரர். அவருக்குப் பொம்மைப் பைத்தியம். குழந்தைங்க விளையாடற பொம்மை இல்லைங்க. வெளிநாட்டில் இருந்து பெட்டியில் துண்டு துண்டா வருமாம். தலை தனி, கை தனி, சேலை மடிப்புகூடத் தனி. தேய்ச்சு, ஒட்டி, பெயின்ட் அடிச்சா ஆள் நிக்கிற மாதிரியே நிக்கும். அப்படி வந்ததில் ஒண்ணு, மீன்கூடை தூக்கின பொம்பளை. இடுப்பில் ஒரு குழந்தை. நிறுத்தி வெச்சா என் முட்டியைத் தாண்டும், அவ்வளவு பெரிசு. அந்தக் குழந்தைக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லைங்க. பெட்டியிலேயே வரலை. பழைய பொம்மையாம், செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்களாம், உதிரி எங்கேயும் கிடைக்காதாம்.

"பல்லை இத்தனை தத்ரூபமாச் செய்யறியே மயில்சாமி, ஒரு காலு செய்ய மாட்டியா?"ன்னு அவர் கேட்டிருக்கார். அவ்வளவுதான். இவர் லேப்புக்கு லீவு சொல்லிட்டு, பொம்மையை ஆட்டோவில் வெச்சு வீட்டுக்குக் கொண்டாந்துட்டார்.

அதுவரைக்கும் அவர் வீட்டில் இருந்ததே இல்லைங்க. பாப்பா எந்திரிக்கிறதுக்கு முன்னால் கிளம்பிடுவார், தூங்கின பிற்பாடு வருவார். ஞாயித்துக்கிழமையும் லேப்தான். இப்போ பகல் பூரா வீட்டில். எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது, பொய் சொல்லலை. ஆனா அந்தப் பொம்மை! எங்களுக்கு ஒரே ரூம். சமைக்கும்போது அது என் முதுகைப் பார்த்துட்டு நிக்கும். நான் சுவத்தைப் பார்க்கத் திருப்பி வெச்சேன். அவர் மறுபடி இந்தப் பக்கம் திருப்பினார். "செவுத்தப் பாத்து நிக்கறதுக்கு அது என்ன தப்புப் பண்ணுச்சு?"ங்கறார்.

சிரிக்காதீங்க்கா.

முதல்ல செம்புக் கம்பியை வளைச்சு எலும்பு மாதிரி வெச்சார். ரெண்டு களிம்பைப் பிசைஞ்சா கல்லாட்டம் இறுகுமே, அதை மேலே அப்பிச் செதுக்கினார். உப்புத்தாளில் தேய்ச்சுத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கினார். எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது. மில்லுக்காரர் வந்து பார்த்துட்டு, "இது பொம்மைக் கால் மாதிரி இருக்குதே மயில்சாமி"ன்னார். பொம்மைக்குப் பொம்மைக் கால்தானே வைக்கணும்? எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, கேட்கலை. இவர் மூஞ்சி சுருங்கிப்போச்சு. செஞ்சதைச் சுத்தியால் தட்டி உடைச்சார்.

"இதுல உசுரு இல்ல கோகிலா"ன்னார்.

உசுருக்கு எங்கே போவார் மனுசன்?

பாப்பா மத்தியானம் தூங்கிட்டு இருந்தா. நான் குழாயடியில் இருந்து குடத்தோட வந்து நிலையில் நிக்கிறேன். இவர் அவ பக்கத்தில் உட்கார்ந்து, நூலால் அவ காலை அளந்துட்டு இருக்கார். முட்டியில் இருந்து குதிகால், குதிகாலில் இருந்து கட்டைவிரல். எனக்குக் குடம் நழுவிருச்சுங்க. தூங்குற பிள்ளையை அளவெடுப்பாங்களா? கிடக்கிறவங்களை அளவெடுக்கிறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா? என் வாழ்க்கையில் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டது அன்னைக்குத்தான்.

"என்னுங்க பண்றீங்க? நூலை எடுங்க!"

அவர் சிரிக்கிறார். "தெனமும் வாயில எடுத்த அளவை வெச்சுத்தான் வேலை செய்யறேன். எவனாச்சும் செத்தா போனான்?"

"பல்லு போனவங்களுக்குத்தான பல்லு கட்டறீங்க? கால் இருக்கற புள்ளைக்கு எதுக்குங்க இன்னொரு கால்?"

சொல்லிட்டேங்க. அந்த வார்த்தையை அவர் மூஞ்சிக்கு நேரா. அவர் நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுட்டு, தரையில் கொட்டின தண்ணியைத் துடைச்சார்.

அதில் இருந்து அந்தக் கால் வளர ஆரம்பிச்சுது. எப்படிச் சொல்றது... பாப்பாவுக்கு இடது சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் ஒளிஞ்சிருக்கும், இதோ பாருங்க. அதே மாதிரி அதிலும். கணுக்காலில் ஒரு கொசுக்கடித் தழும்பு. அதுவும். பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் குத்திக் குத்தித் தோலில் துவாரம் வெச்சார். பல்லுக்குப் போடற பொருளிலேயே கண்ணாடியாட்டம் சீவி நகம் வெச்சார். பெயின்ட் அடிச்சப்போ நேரா நம்ம கலரை அடிக்கலைங்க. முதல்ல ரத்தக் கலர். அதுக்கு மேல நீல நரம்பு. அதுக்கு மேல தண்ணியாட்டம் கரைச்சுக் கரைச்சுத் தோல் கலர். "ஈறு மாதிரிதான் கோகிலா. அடியில ரத்தம் இருந்தாத்தான் மேல உசுரு தெரியும்"ங்கறார். நாள் பூரா ஒரே பேச்சு. இந்தக் காலைப் பாரு, இந்தக் காலு எப்படி வந்திருக்குது பாரு, வெளிச்சத்துல காலைக் காட்டறேன் வா. வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையை, அவரே, பாட்டுப் பாடற மாதிரி. எந்திரிச்சு எந்திரிச்சு ஜன்னலுக்கு நடக்கிறதும், திரும்பி வர்றதும். பாப்பாவும் அவர் பின்னாலேயே சுத்துவா.

அப்புறம்தாங்க அது நடந்தது.

பாப்பா ஆடியில் இருந்து நடக்கிறவ, அழகா நேரா நடந்தவ. கால் முடிஞ்சு காயறதுக்கு ஜன்னலில் வெச்சிருந்தார். நான் அரிசி களைஞ்சுட்டுத் திரும்பறேன், என் பிள்ளை இடது முட்டியில் கையை ஊன்றிக்கிட்டு, உடம்பைச் சாய்ச்சுச் சாய்ச்சு, ஜன்னலைப் பார்த்து நடந்து போறா. அந்தக் கால் இருக்கிற ஜன்னலைப் பார்த்து!

ஓடிப் போய்த் தூக்கினேன். முள்ளா, கல்லான்னு பாதத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒண்ணுமில்லை. இறக்கி விட்டா மறுபடியும் அப்படியே. அன்னையில் இருந்து அவளைத் தரையில் விடறதே இல்லை. இடுப்பிலேயே வெச்சுக்கிறேன், அழுதாலும் இறக்கறதில்லை. நடந்தாத்தானே அந்தப் பொம்மை இழுக்கும்?

அவருக்குத் தெரியாம ஒரு டாக்டரம்மாகிட்டக் காட்டினேன். காலை மடக்கி நீட்டி, தட்டிப் பார்த்தாங்க. "ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்குது. வீட்டுல வேற யாராவது இப்படி நடக்கறாங்களா?"ன்னு கேட்டாங்க. "இல்லீங்க"ன்னுட்டேன். பின்னே? இவருக்கு வந்தது காய்ச்சலில் வந்தது, பரம்பரை இல்லைன்னு தரகரே சொல்லியிருக்கார். அதைப் போய் எதுக்கு அவங்ககிட்டச் சொல்லி அவரைக் கேவலப்படுத்தறது? பொம்மை விஷயத்தையும் சொல்லலை. படிச்சவங்க, சிரிப்பாங்க.

ஏன்க்கா அப்படிப் பார்க்கறீங்க? இருங்க, முழுசாச் சொல்லிடறேன்.

கால் முடிஞ்ச பிறகும் அவர் அளக்கிறதை நிறுத்தலைங்க. அதுதான் என்னைக் கொன்னுருச்சு. நேத்து பாப்பா தூங்கறா. நான் துணி காயப்போட்டுட்டு வர்றேன், இவர் மறுபடி நூலோட. இந்தத் தடவை கெண்டைக்கால் சுத்தளவு. இடது காலை அளந்து முடிச்சுப் போடறார், வலது காலை அளந்து அந்த முடிச்சோட வெச்சுப் பார்க்கிறார். பொம்மைக்குத்தான் வலது கால் இருக்குதே! அதை எதுக்கு அளக்கணும்? என்னைப் பார்த்ததும் நூலைச் சட்டைப்பையில் மறைச்சுட்டார். மூஞ்சியெல்லாம் வேர்த்திருந்தது. அடுத்தது அந்தப் பொம்மை இவ வலது காலையும் எடுக்கப்போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அவிநாசி தாண்டி, நான் பிறந்த ஊரில் ஒரு மாகாளியம்மன் கோயில் இருக்குதுங்க. கை கால் சரியாகணும்னு வேண்டிக்கிட்டவங்க மண்ணில் உருவாரம் செஞ்சு வைப்பாங்க. வரிசையாக் கால் இருக்கும், கை இருக்கும், கண்ணு இருக்கும். ஆனா அதைச் செய்யறவர் யார் காலையும் பார்த்துச் செய்ய மாட்டார். அளவெடுக்கவே மாட்டார். அஞ்சு விரல் இருக்கும், அவ்வளவுதான். யாருடைய காலும் இல்லாத கால். அதுதான் முறை. இவர் முறை தெரியாமப் பண்ணிட்டார். அதனால் நான் என்ன நினைச்சேன்னா, இதைக் கொண்டு போய் அம்மன் காலடியில் வெச்சு, 'தாயே, இந்தக் கால் உனக்கு, அந்தக் காலை எனக்கு விட்டுரு'ன்னு சொல்லிடலாம். அங்கே வெச்சதை யாரும் திருப்பி எடுக்க முடியாது, அவரும் கேட்க முடியாது.

இன்னைக்கு மத்தியானம் மில்லுக்காரர் வர்றார், காலை வாங்கறதுக்கு. அது நல்லா இருந்தா அவர் வீட்டில் இருக்கிற பொம்மையெல்லாம் இவர்தான் செய்யணும்னு சொல்லியிருக்காராம். லேப்பை விட்டுரலாம்னு இவருக்கு ஆசை. எல்லாம் தெரியுங்க. தெரிஞ்சேதான் அவர் குளிக்கப் போனப்போ எடுத்தேன். பஞ்சில் சுத்தி, இந்தப் போசியில்...

போன் அடிக்குது. அவர்தாங்க. கருமத்தம்பட்டி தாண்டறதுக்குள்ளே இது எத்தனாவது தடவையோ. எடுக்க மாட்டேன்.

எடுக்கட்டுங்களா? நீங்க சொல்றீங்க... சரி. நீங்க என் கையைப் பிடிச்சுக்குங்க.

ஏனுங்க. ம்... பஸ்ல. எங்கிட்டத்தான் இருக்குது. உடையலைங்க. பஞ்சுல சுத்தி... இல்லைங்க. இல்லைங்க, கோவிச்சுட்டுப் போகலை. பாப்பா... பாப்பா முட்டியில கை வெச்சு நடக்குதுங்க. சாஞ்சு சாஞ்சு. நான் உங்ககிட்டச் சொல்லலை, எப்படிங்க சொல்லுவேன்...

ஏனுங்க? இருக்கீங்களா?

ம்.

ம்.

சரிங்க.

அக்கா, கொஞ்சம் தண்ணி கொடுங்க.

அவருக்கும் தெரிஞ்சிருக்குதுங்க. பாப்பா அப்படி நடக்கிறதை அவரும் பார்த்திருக்கார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருந்திருக்கார், நான் பயந்துருவேன்னு சொல்லாம விட்டிருக்கார். அவருக்கு வந்த மாதிரியே இவளுக்கும் இளைக்குதோன்னு பயந்து, அதுக்குத்தான் ரெண்டு காலையும் நூலால் அளந்து பார்த்தாராம். "ரெண்டும் ஒரே அளவு கோகிலா, ஒரு நூல்கூட வித்தியாசம் இல்ல. நேத்துத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு"ன்னார். அவர் அழுது நான் கேட்டதில்லைங்க. அழுதாரா சிரிச்சாரான்னு தெரியலை.

"நான் வீட்டுலயே கிடந்தேன்ல, என்னைப் பாத்து நடக்கறா. எல்லாரும் இப்படித்தான் நடப்பாங்கன்னு நினைச்சுட்டா. நீயோ அவளை இடுப்புலயே தூக்கிட்டுத் திரியற. அவளைக் கீழ விடு. நீ அவளுக்கு முன்னால நட"ன்னார்.

அப்படியும் இருக்குமாங்க? டாக்டரம்மா கேட்டதும் அதுதானுங்களா? நீங்க இவ்வளவு நேரம் என்னை அப்படிப் பார்த்தது அதுக்குத்தானா?

எனக்குத் தெரியலைங்க. பொம்மைன்னா எனக்குப் பயம், அது போகாது. சேலையைத் தொட்டுப் பாருங்க, வேர்த்து நனைஞ்சுபோச்சு. மில்லுக்காரரைச் சாயந்தரம் வரச் சொல்லிட்டாராம். "ரெண்டு காலையும் பத்திரமாக் கூட்டிட்டு வா"ன்னார். ரெண்டு காலையும்! பஞ்சில் இருக்கிறதையும் சேர்த்துத்தான் சொல்றார், பாருங்க.

இன்னொண்ணும் சொன்னாருங்க. போனை வைக்கப் போறப்போ. "வர்றப்ப வெல்லம் வாங்கிட்டு வா. கால் கிலோ. கால் கிலோன்னே கேளு, கோகிலா. கல்யாணம் ஆனதுல இருந்து இந்த இருநூத்தம்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப்போச்சு"ன்னார்.

அவர் கவனிக்கலைன்னுதானுங்க நான் நினைச்சுட்டு இருந்தேன்.

அவிநாசி வந்துருச்சா? நானும் இங்கேயே இறங்கிக்கிறேன். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பற பஸ்ஸைப் பிடிச்சுக்கிறேன். அம்மனை இன்னொரு நாள் போய்ப் பார்த்துக்கலாம், வெறும் கையோட போனாலும் அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. ஏஞ்சாமி, எந்திரி. தங்கம், எந்திரி. இறங்கணும்.

இறங்கியாச்சு. அக்கா, ஒரே ஒரு உதவி. இந்தப் போசியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. பயப்படாதீங்க, அது சும்மா கிடக்கும். பாப்பாவை இந்த நிழலில் இறக்கி விடறேன். அதோ தெரியுதே, அந்த வெல்லக்கடை வரைக்கும் நான் முன்னால் நடக்கிறேன். நேரா நடக்கிறேன். அவ என் பின்னால் எப்படி வர்றான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. அவ கை எங்கே இருக்குதுன்னு பாருங்க.

எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமா இருக்குதுங்க.